மணியாச்சிக்கு எத்தனை தோட்டா

தேர்தல் தேதி அறிவித்த இரண்டு மூன்று நாளில் எங்கள் மாமா ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு தென்காசியில் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் தேர்தல் முடியும்வரை அதை ஒப்படைக்க வேண்டும். பைக்குள் துணியில் சுற்றிய ஒரு ரிவால்வர், லைசென்ஸ் புத்தகம், அப்புறம் ஒரு பழைய பிலிம் ரோல் டப்பா. அந்த டப்பாவுக்குள்தான் தோட்டா இருக்கும். நடந்தால் சலசலவென்று சத்தம் வரும்.

குற்றால மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு தோட்டம். பன்றியும் வரும், சமயத்தில் மனிதர்களும் வருவார்கள். ரிவால்வர் கான்பூர் தொழிற்சாலையில் செய்த 32 போர். ஆறு குண்டு. கம்பளி ஸ்வெட்டர் பைக்குள் அடங்கிவிடுகிற அளவு. வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட எதையும் நோக்கிச் சுட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். “ஆறும் தீந்துட்டுன்னா?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அவர் துப்பாக்கியை நடுவில் மடக்கிக் காட்டினார். குழல் கீழே சாய, பின்னால் இருக்கிற நட்சத்திரத் தகடு ஆறு காலிக் கூடுகளையும் ஒன்றாகத் தூக்கித் தள்ளிவிடும். வெளியேற்றுவது ஒரு நொடி வேலை. திரும்பப் போடுவதுதான் கஷ்டம். டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு ஓட்டையிலும். “நான் ஆறு போடுததுக்குள்ள பன்னி ஆரியங்காவு தாண்டி கேரளாவுக்குப் போயிரும், மருமவனே.”

போன தேர்தலுக்கு நான்தான் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். வாஞ்சிநாதன் பற்றி நான் படித்துக்கொண்டிருந்த காலம் அது. போகிற வழியில் பின்னாலிருந்து மாமா கேட்டார்: “எல்லாப் புஸ்தகத்துலயும் பெல்ஜியம் துப்பாக்கி, பிரௌனிங் துப்பாக்கின்னு எழுதுதான். கூட எத்தன ரவுண்டு கொண்டு போனாருன்னு எவனாவது எழுதிருக்கானா?”

துப்பாக்கி கையில் வைத்திருக்கிறவருக்கு மட்டுமே தோன்றுகிற கேள்வி அது. நமக்கெல்லாம் துப்பாக்கி என்றால் ஒரு பொருள். அவருக்கு அது இரண்டு பொருள்: இரும்பு ஒன்று, எண்ணிக்கை ஒன்று.

செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். தென்காசி பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி ஜில்லா. இரண்டுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. 1904-இல் மலையைக் குடைந்து புனலூர் வரை ரயில் பாதை முழுமையானபோது இந்த எல்லை ஒரு டிக்கெட் தூரம் ஆகிவிட்டது. வாஞ்சி புனலூரில் வனத்துறை குமாஸ்தா. வயது 25. புனலூர், செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி, அங்கிருந்து மணியாச்சி. இந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேலேயே அவரது வாழ்க்கையின் கடைசி ஆண்டு ஓடியிருக்கிறது.

இந்தத் தண்டவாளத்தில்தான் 1910-இல் நீலகண்ட பிரம்மச்சாரியும் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார். தென்காசி, தூத்துக்குடி என்று ரகசியக் கூட்டங்கள். காளி படத்துக்கு முன்னால் குங்குமத் தண்ணீர் குடித்து, விரலைக் கீறி ரத்தத்தில் கையொப்பம் வைத்தார்கள் என்று பின்னால் அப்ரூவர் ஆனவர்கள் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். வெள்ளைக்காரனின் ரத்தத்தைக் குடிக்கிறோம் என்கிற பாவனை அந்தக் குங்குமத்தில் இருந்ததாம். ரத்தம், குங்குமம், சத்தியம் எல்லாம் தாராளமாக இருந்தன. அந்தக் கூட்டங்களில் இல்லாத ஒரே சரக்கு தோட்டா.

எப்படி இருக்கும்? 1878 ஆயுதச் சட்டம் லிட்டன் பிரபு காலத்தில் வந்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு, இந்தியர்களுக்கு லைசென்ஸ். நாம் அதைத் துப்பாக்கிச் சட்டம் என்று நினைக்கிறோம். அது வெடிமருந்துக்கும் தோட்டாவுக்குமான சட்டமும்கூட. துப்பாக்கியை ஒரு தடவை கடத்தினால் போதும், முப்பது வருஷம் இருக்கும். தோட்டாவை ஒவ்வொரு தடவையும் கடத்த வேண்டும். ஊர்க் கொல்லனால் நாட்டுத் துப்பாக்கி செய்துவிட முடியும்; மருந்து இடித்து, ரவை போட்டு, கெட்டித்துச் சுடலாம். பிரௌனிங் தோட்டாவை எந்தக் கொல்லன் பட்டறையிலும் செய்ய முடியாது. பித்தளைக் கூடு, அடியில் தட்டினால் பொறி பறக்கிற மூடி, அளவு பிசகாத புகையில்லா மருந்து, ஈயக் குண்டு. ஒரு நூல் அளவு பெரிதானால் உள்ளே போகாது, சின்னதானால் சிக்கிக்கொள்ளும். புதுத் துப்பாக்கி எவ்வளவு நவீனமோ அவ்வளவுக்கு அது தொழிற்சாலைக்கு அடிமை.

அந்தத் தொழிற்சாலை பெல்ஜியத்தில் லியேஜ் பக்கத்தில் எர்ஸ்டால் என்ற ஊரில் இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் ஜான் பிரௌனிங் வடிவமைத்தார், எர்ஸ்டால்காரர்கள் செய்து விற்றார்கள். ரிவால்வரைப் போலப் பிதுங்கிய உருளை கிடையாது. தட்டையாக, கோட்டுப் பைக்குள் புத்தகம் மாதிரிக் கிடக்கும். பிடிக்குள் ஒரு தகரக் கூடு, அதில் ஆறோ ஏழோ தோட்டா அடுக்கியிருக்கும். இன்னொரு கூட்டை நிரப்பி வைத்திருந்தால் மாற்றுவதும் இரண்டு நொடிதான். அதாவது இந்தத் துப்பாக்கியின் பெரிய வசதியே திரும்ப நிரப்புவது எளிது என்பது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போனவர்களில் பலருக்கு அந்த வசதி தேவைப்படவில்லை.

1904 ஜூன் 16. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஔகன் ஷௌமான் என்ற இளம் அரசு ஊழியர், ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவைச் செனட் கட்டடத்துக்குள் சுடுகிறார். கையில் பிரௌனிங். கவர்னருக்கு மூன்று. உடனே தன் மார்பில் இரண்டு. பையில் ஒரு கடிதம், ரஷ்யப் பேரரசருக்கு. கிட்டத்தட்ட சரியாக ஏழு வருஷம் கழித்து மணியாச்சியில் நடந்ததை அறிந்த ஒரு தமிழ் வாசகர் இதைப் படித்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார். வாஞ்சிக்கு ஷௌமானைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே எர்ஸ்டால் சரக்கு, ஒரே கணக்கு என்று மட்டும் சொல்கிறேன்.

1909 அக்டோபர் 26, ஹார்பின் ரயில் நிலையம். கொரியாவின் ஆன் சுங் குன், ஜப்பானின் இட்டோ ஹிரோபுமியைச் சுட்டதும் அதே கம்பெனித் துப்பாக்கியால். முகம் சரியாகத் தெரியாததால், இவன்தான் இட்டோவா என்ற சந்தேகத்தில் பக்கத்தில் இருந்தவர்கள்மேலும் சுட்டார். அங்கே எண்ணிக்கை உதவியது. 1914-இல் சரயேவோவில் இளவரசரையும் மனைவியையும் கொன்ற பிரின்ஸிப் கையில் இருந்ததும் எர்ஸ்டால்தான். அங்கே இரண்டே குண்டு.

நம் பக்கம் வருவோம். லண்டனில் 1909 ஜூலை 1, மதன்லால் திங்ரா கர்சன் வைலியைச் சுட்டார். தடுக்க ஓடிவந்த லால்காகா என்ற பார்ஸி டாக்டரும் செத்தார். அதற்கப்புறம் திங்ரா துப்பாக்கியைத் தன் பொட்டில் வைத்து அழுத்தியிருக்கிறார். வெடிக்கவில்லை. பிடித்துக்கொண்டார்கள், ஆகஸ்ட் 17-இல் தூக்கு. அந்த நாட்களில் லண்டனில் ‘இந்தியா ஹவுஸ்’ வட்டத்தில் இருந்த ஒருவர் வரகனேரி வேங்கட சுப்பிரமணிய ஐயர். நாம் வ.வே.சு. ஐயர் என்கிறோம், ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதியவர். 1910 அக்டோபரில் அவர் புதுச்சேரி வந்து சேர்கிறார். 1911 தொடக்கத்தில் வாஞ்சி லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரி போகிறார். துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுத்தவர் ஐயர்.

தன் பொட்டில் வைத்து அழுத்தியும் வெடிக்காத ஒரு துப்பாக்கியின் கதை அந்தப் பயிற்சியில் பேசப்பட்டிருக்கும் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. இது என் யூகம், வரலாறு அல்ல. ஆனால் இன்னொரு விஷயத்துக்கு யூகம் தேவையில்லை. பயிற்சியில் சுடுகிற ஒவ்வொரு தோட்டாவும் திரும்பி வராத தோட்டா. பிரெஞ்சு எல்லைக்குள் வந்து சேர்ந்ததை மரத்தின்மேல் செலவழித்தால் ஊருக்குக் கொண்டுபோக அத்தனை குறையும். கை நடுங்காமல் இருக்கப் பழக வேண்டும், பழகினால் சரக்கு தீரும். இந்த இழுபறி ரகசிய இயக்கம் எல்லாவற்றுக்கும் உண்டு. சாவர்க்கர் 1909-இல் லண்டனிலிருந்து 20 பிரௌனிங் துப்பாக்கிகளை ஒரு பெட்டியின் கள்ள அடித்தட்டுக்குள் வைத்து பம்பாய்க்கு அனுப்பினார், தோட்டாக்களோடு சேர்த்து. அந்த ‘சேர்த்து’தான் முக்கியம். அதில் ஒன்றுதான் அதே வருஷம் டிசம்பர் 21-இல் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது.

1911 ஜூன் 17, மணியாச்சி. காலை பத்தரை மணிக்கு மேல். திருநெல்வேலியிலிருந்து வந்த ரயிலின் முதல் வகுப்புப் பெட்டி, தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய போட் மெயிலோடு சேர்வதற்காகக் காத்து நிற்கிறது. உள்ளே கலெக்டர் ஆஷ், எதிரே மனைவி மேரி. கொடைக்கானலில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். நன்றாக உடுத்திய ஒரு குடுமிக்காரர் பெட்டிக்குள் ஏறுகிறார். கூட வந்தவர் வேட்டி கட்டிய ஒரு பையன். துப்பாக்கியைப் பார்த்த ஆஷ் தன் தொப்பியைக் கழற்றி எறிந்தார் என்று மனைவி சாட்சி சொன்னார். ஒரு தொப்பி! ஒரு ஜில்லாவையே ஆண்டவர் கையில் அந்த நொடியில் இருந்தது அவ்வளவுதான். மார்பில் குண்டு. திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோகிற வழியில் உயிர் போனது.

வாஞ்சி பிளாட்பாரத்தில் ஓடி, கக்கூஸுக்குள் புகுந்து, வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். கூட வந்த பையன், மைத்துனன் சங்கரகிருஷ்ணன், வயல்வெளியில் ஓடித் தப்பினான். அப்புறம் பிடிபட்டு நாலு வருஷம்.

போலீஸ் எடுத்தபோது துப்பாக்கி காலி.

இந்த ‘காலி’யை வைத்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஆஷைத் தவிர வேறு யாரையும் தொடும் எண்ணமில்லை, ஆகவே எண்ணி எடுத்துப் போனார் என்பது ஒரு வாசிப்பு. எனக்கு இது அழகாக இருப்பதாலேயே சந்தேகம் வருகிறது. தோட்டா கிடைக்காத இடத்தில் எண்ணி எடுத்துப் போவது லட்சியமாக இருக்கலாம், இல்லாமையாகவும் இருக்கலாம். ரெண்டும் ஒன்றாகிவிடுகிற இடமும் உண்டு. தப்பிப்பதற்குத்தான் மாற்றுத் தோட்டா வேண்டும். துரத்தி வருகிறவர்களைத் தள்ளி வைக்க, அடுத்த ஊர் போய்ச்சேர, அடுத்த வாரம் உயிரோடு இருக்க. கக்கூஸ் கதவைத் தாழிட்டவர் அந்தக் கணக்கைப் போடவே இல்லை.

அவரது பையில் ஒரு கடிதமும் இருந்தது. பாரத நாட்டில் முடிசூட்டிக்கொள்ள வரும் ஐந்தாம் ஜார்ஜ் கரை இறங்கியதும் கொல்ல 3000 சென்னை மாகாணத்தார் சத்தியம் செய்திருக்கிறார்கள், அதைத் தெரியப்படுத்தவே கடையவனான நான் இதைச் செய்தேன் என்பது சாரம். 3000 பேர். ஒரு காலித் துப்பாக்கி. பக்கத்துப் பக்கத்தில் இந்த இரண்டையும் போலீஸ் கண்டெடுத்திருக்கிறது. டிசம்பரில் ஜார்ஜ் வந்தார், டெல்லி தர்பார் நடத்தினார், திரும்பிப் போனார். சென்னை உயர் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றது 14 பேர். 1912-இல் தீர்ப்பு. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். தேடுதல் வேட்டையின்போதே இரண்டு பேர் தங்களைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள், துப்பாக்கி இல்லாமல். ஒருவர் விஷம், ஒருவர் கழுத்தறுத்து.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதைத் தாண்டி ஓடிவிட முடியாது. இங்கிலாந்து அரசரைத் திட்டுவதற்கு அவர் எடுத்த சொற்களில் ‘மிலேச்சன்’ ஒன்று. ஆஷ் குற்றால அருவியை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டார், அதற்காகத்தான் கொன்றார்கள் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு ஜூனுக்கும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை என்று ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். ஆஷின் மேல் இருந்த கோபத்துக்கு 1908 போதும்: வ.உ.சி.யும் சிவாவும் கைதானதும், நெல்லையில் கலவரமும், போலீஸ் சுட்டு 4 பேர் செத்ததும், சுதேசிக் கப்பல் கம்பெனி நொறுங்கியதும். ஆனால் கதை பொய் என்பதால் கடிதத்தில் உள்ள சொல் இல்லை என்று ஆகிவிடாது. 3000 பேரின் பெயரால் எழுதிய அந்தக் கடிதத்துக்குள் எங்கள் ஊர்ச் சேரிகளில் யாருக்கு இடம் இருந்திருக்கும் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? வாஞ்சியின் ஆசான் ஐயர், பின்னால் சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தி, தனிப்பந்திச் சண்டையில் பெயர் கெட்டு, 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்துச் செத்தார். துப்பாக்கியும் ஜில்லாவும் ஜூன் மாதமும் சாதிப் பந்தியும் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன.

தோட்டாப் பஞ்சம் எங்கள் பஞ்சம் மட்டும் இல்லை. வங்காளத்துக்காரர்கள் அதை வேறு மாதிரித் தீர்க்கப் பார்த்தார்கள். 1914 ஆகஸ்ட் 26, கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்குக் கப்பலில் வந்த சரக்கில் பத்துப் பெட்டி மாட்டுவண்டியில் ஏறிக் காணாமல் போனது. 50 மௌசர் துப்பாக்கி, 46,000 தோட்டா. ஒரு துப்பாக்கிக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம்! திட்டம் போட்டவருக்கு எங்கள் மாமாவின் மூளை இருந்திருக்க வேண்டும். அடுத்த சில வருஷம் வங்காளத்தில் நடந்த கொள்ளை, கொலை வழக்குகளில் அந்த மௌசர்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டின. அப்படியும் 1915 செப்டம்பரில் பாலாசோரில் பாகா ஜதினும் நாலு பேரும் மௌசரோடு போலீஸ் படையை எதிர்த்து நின்றபோது முடிவில் தீர்ந்தது தோட்டாதான்.

இதைவிட வயிறெரிவது சிட்டகாங். 1930 ஏப்ரல் 18 இரவு சூர்யா சென் குழு ஆயுதக் கிடங்கைப் பிடித்தது. தந்தி, தொலைபேசி அறுத்தாயிற்று. ரைபிள் கிடைத்தது, லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியும் கிடைத்தது. தோட்டா கிடைக்கவில்லை, அதை வேறு இடத்தில் வைத்திருந்தார்கள். உலகத்தில் எந்த அரசாங்கமும் இரும்பையும் எண்ணிக்கையையும் ஒரே அலமாரியில் வைப்பதில்லை என்பதைப் பையன்கள் அந்த இரவில் தெரிந்துகொண்டார்கள். மாத்திரமா, நாலு நாளில் ஜலாலாபாத் மலையில் அதற்கான விலையையும் கொடுத்தார்கள்.

ரிவால்வர் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும், மாமா வைத்திருப்பது ரிவால்வர் என்பதால். 1932 பிப்ரவரி 6, கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. பீனா தாஸ், பட்டம் வாங்க வந்தவர், அங்கிக்குள்ளிருந்து சின்ன ரிவால்வரை எடுத்து கவர்னர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கி ஐந்து முறை சுட்டார். ஐந்தும் தவறியது. ஜாக்சன் இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டனாக இருந்தவர், குனிந்து தப்பினார். உடுப்புக்குள் மறைகிற அளவுக்குச் சிறிதாக வேண்டும் என்றால் அறைகளைக் குறைக்க வேண்டும். கைப்பிடியும் குழலும் குட்டையாகும், குறி பிசகும். மறைவாக வைத்துக்கொள்வதற்குக் கொடுக்கிற விலை இது. ஐந்து முடிந்ததும் திறந்து, கூடுகளைத் தட்டி, ஒவ்வொன்றாக நிரப்ப ஒரு பட்டமளிப்பு மண்டபத்தில் எந்த மேசை இருக்கிறது? ஒன்பது வருஷம் கடுங்காவல்.

இந்த ஒவ்வொன்றாக நிரப்புகிற தொல்லைக்கு விடை 1893-லேயே வந்துவிட்டது. பிரிடோ என்ற ஆங்கிலேயர், ஆறு தோட்டாவையும் வட்டமாகப் பிடித்துக்கொண்டு வெப்லி ரிவால்வருக்குள் ஒரே அமுக்கில் இறக்குகிற ஒரு சின்னக் கருவிக்கு உரிமை வாங்கினார். வெள்ளை அதிகாரிகள் தனியே காசு கொடுத்து வாங்கி இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டார்கள். ஆளப் பிறந்தவனுக்கு ஆறு போதாது, பன்னிரண்டு பதினெட்டு வேண்டும், ஏனென்றால் அவனுக்குச் சாயங்காலம் கிளப்புக்குப் போக வேண்டும். வாஞ்சிக்கு அப்படி ஒரு சாயங்காலம் இல்லை. 1931 பிப்ரவரியில் அலகாபாத் பூங்காவில் கடைசிக் குண்டைத் தனக்கு வைத்துக்கொண்டார் என்று எல்லாரும் சொல்கிற ஆசாத்துக்கும் இல்லை. எங்கள் மாமாவின் கான்பூர் ரிவால்வர் அந்த வெப்லியின் பேரப்பிள்ளைதான். மடக்குகிற விதம், தூக்கித் தள்ளுகிற நட்சத்திரம் எல்லாம் அங்கிருந்து வந்தது. பெண்களின் பாதுகாப்புக்கென்று 2014-இல் அதே கான்பூரில் ‘நிர்பீக்’ என்று அரைக்கிலோ எடையில் இன்னொன்றும் விட்டார்கள். விலை ஒரு லட்சத்துக்கு மேல்.

தேர்தல் முடிந்து, துப்பாக்கியைத் திருப்பி வாங்கப் போன அன்றும் நான்தான் ஓட்டினேன். ஸ்டேஷனில் ரைட்டர் லெட்ஜரைப் பிரித்து, ரிவால்வர் நம்பரைச் சரிபார்த்து, அப்புறம் பிலிம் டப்பாவை மேசையில் கவிழ்த்தார். ஒரு தோட்டா உருண்டு விளிம்புவரை போய் நின்றது. லைசென்ஸில் ஒரு சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். செலவானதற்குக் கணக்கும் சொல்ல வேண்டும். அவர் இரண்டு இரண்டாக நகர்த்தி எண்ணினார். வாய் முணுமுணுத்தது. மாமாவும் கூடவே எண்ணினார்.

வெளியே வந்ததும் சொன்னேன். “மாமா, மணியாச்சியில போலீஸ் எடுக்கும்போது துப்பாக்கி காலி. உள்ள ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பைக்கில் ஏறி உட்கார்ந்து, மஞ்சள் பையை மடியில் வைத்து, டப்பாவை வெளியே எடுத்து மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். “சரி, வண்டிய எடு. தோட்டத்துல தண்ணி திறக்கணும்.”